ஸ்டீயரிங் இறுகுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

தூத்துக்குடியில் வண்டி வேலை பார்க்கிறவர்களுக்கு ஸ்டீயரிங் டைட் என்பது புதுப் புகார் இல்லை. ஒரு பக்கம் உப்பளக் காற்று, இன்னொரு பக்கம் மழைக்குத் தெருவில் தேங்கும் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு இன்ஜின், சீட், வயரிங் எல்லாம் அப்போதே பார்த்துவிட்டார்கள். அடியில் இருக்கிற ஜாயிண்ட்களைப் பார்த்தவர் குறைவு. சித்திரை, வைகாசி வந்ததும் "அண்ணாச்சி, ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு" என்று ஒவ்வொன்றாக ஷெட்டுக்கு வர ஆரம்பித்தன.

அதில் பாதிப் பேர் வேறு எங்கோ காட்டிவிட்டு, "ரேக் போயிடுச்சாம், மாத்தணுமாம்" என்று பயந்து போய் வந்தவர்கள். ரேக் என்பது ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குத் தள்ளிக் கொடுக்கும் பல் கம்பி. உண்மையில் ரேக் மாற்ற வேண்டியிருந்தது மிகச் சில வண்டிகளுக்குத்தான். மற்றதெல்லாம் கிழிந்த ரப்பர் பூட் (ஜாயிண்ட்டை மூடும் உறை), துருப் பிடித்த பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப விடும் உருண்டை மூட்டு), ஸ்டீயரிங் காலத்துக்குக் (ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கும் தண்டு, column) கீழே இறுகிப்போன யுனிவர்சல் ஜாயிண்ட். ஆகவே ரேக் என்று யார் சொன்னாலும் சரி, முன்பக்கத்தைத் தூக்கி, டை ராடை (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) கழற்றிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

காற்று. முன் டயர் இரண்டிலும் குளிர்ந்த நிலையில் அளந்து பாருங்கள், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான சின்ன கார்களுக்கு 30 பிஎஸ்ஐயை ஒட்டி இருக்கும். 20க்கு இறங்கிப்போன டயரோடு வந்து ஸ்டீயரிங் டைட் என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். காற்றடித்து அனுப்பினால் முடிந்தது.

அடுத்தது, சமீபத்தில் வண்டியில் என்ன வேலை நடந்தது என்று யோசியுங்கள். டயரை அகலமானதாக மாற்றினீர்களா, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தீர்களா, சத்தம் வருகிறது என்று யாராவது ரேக் நட்டை முறுக்கினார்களா, பள்ளத்தில் இறக்கினீர்களா? வேலை நடந்த மறுநாளே டைட் வந்திருந்தால் அந்த வேலையில்தான் காரணம் இருக்கும், வேறெங்கும் தேட வேண்டாம்.

இதற்குப் பிறகும் டைட் இருந்தால் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, இரண்டு முன் சக்கரமும் தரையைத் தொடாதபடி தூக்கி, ஸ்டாண்ட் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம், பாரம் ஏறினால் சொல்லாமல் உடையும். ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

தூக்கியபின் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். லேசாக, ஒரே சீராக ஓடினால் ஜாயிண்ட்களில் பெரிய குறை இல்லை. டயர், அலைன்மென்ட், பவர் ஸ்டீயரிங் பக்கம் போங்கள். தூக்கின பிறகும் இறுக்கமாக இருந்தால் கோளாறு இரும்பில்தான் இருக்கிறது. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் சாவியை அணைத்துவிட்டுத் திருப்பினால் மோட்டாரும் கூடவே சுற்றுவதால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாம் பார்க்க வேண்டியது சீராக இருக்கிறதா, நடுவில் எங்காவது பிடிக்கிறதா என்பதை.

நிற்கும்போது டைட், ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடுகிறது

பவர் ஸ்டீயரிங் இல்லாத மாருதி 800 மாதிரி வண்டிக்கு இது ஓரளவு இயல்புதான். நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பாதீர்கள், வண்டி ஒரு அடி உருளும்போது திருப்புங்கள். கைக்கும் சுலபம், டை ராடு எண்டுக்கும் (டை ராடு முனையில் உள்ள மூட்டு) ஆயுள் கூடும்.

முன்னைவிட கனம் கூடியிருக்கிறது என்றால் காற்று, அப்புறம் அலைன்மென்ட், அப்புறம் அகல டயர் என்று பாருங்கள். அலைன்மென்ட் கெட்டிருந்தால் டயரே காட்டிக்கொடுக்கும். டயர் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து வெளியே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழு, மறுதிசையில் கத்தி முனை மாதிரி கையில் தட்டுகிறது என்றால் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், தப்பாக இருக்கிறது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. ஆனால் ஆட்டம் உள்ள ஜாயிண்ட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது காசைக் குப்பையில் போடுவது மாதிரி, முதலில் ஜாயிண்ட்டைப் பாருங்கள்.

பழைய இன்னோவா, குவாலிஸ், பழைய ஸ்கார்பியோ மாதிரி ஆயில் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியென்றால் பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா, பெல்ட் தளர்ந்து பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் திருப்பினால் கீச்சென்று கத்தி, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் லேசாகிறது என்றால் அனேகமாக பெல்ட்தான். ஆயில் குறைந்திருந்தால் டப்பா மூடியிலோ மேனுவலிலோ போட்டிருக்கும் ரகத்தையே ஊற்றுங்கள். அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி ஊற்றி ஓட்டினால் பம்பும் சேர்ந்து போகும்.

வளைவில் திருப்பியபின் ஸ்டீயரிங் தானாக நேராக வரவில்லை

இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், இதில்தான் அதிகம் ஏமாறவும் செய்கிறார்கள். வளைவு முடிந்து கையை லேசாக விட்டால் ஸ்டீயரிங் தானாகவே நடுவுக்கு வர வேண்டும். வராமல் அங்கேயே நிற்கிறது, அல்லது இடப்பக்கத்திலிருந்து வருகிறது வலப்பக்கத்திலிருந்து வரவில்லை, அல்லது நேர் ரோட்டில் வண்டி இங்கேயும் அங்கேயும் ஓட, நீங்கள் கையால் திருத்திக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாம் ஒரே நோய்தான். பெரும்பாலும் எங்கோ ஒரு ஜாயிண்ட் இறுகியிருக்கும்.

காற்றும் அலைன்மென்ட்டும் சரி என்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு ரப்பர்களைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று ரப்பர்: டை ராடு எண்டில் ஒன்று, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கை) பால் ஜாயிண்ட்டில் ஒன்று, ரேக் முனையில் மடிப்பு மடிப்பாக இருக்கும் பெல்லோஸ் ஒன்று. துணியால் மண்ணைத் துடைத்துவிட்டு விரலால் அமுக்கிச் சுற்றிலும் பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, மடிப்புக்குள்தான் கிழிந்திருக்கும். கிரீஸ் கசிந்த இடத்தில் மண் ஒட்டிக் கருப்பு வளையமாக இருந்தால் அதுதான் கிழிசல்.

போன வருஷம் ஒரு பழைய ஆல்டோ வந்தது. வேறு ஒரு இடத்தில் ரேக் மாற்றச் சொல்லிவிட்டார்கள். தூக்கிப் பார்த்தால் இடது பால் ஜாயிண்ட் ரப்பரில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கிழிசல். அமுக்கினேன், டீ நிறத்தில் தண்ணீர் வந்தது, பின்னாலேயே காப்பித்தூள் கசடு மாதிரி துருவோடு பிசைந்த கிரீஸ். நக்கிளிலிருந்து (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்பு) பிரித்து அந்த ஜாயிண்ட்டின் பின்னைக் கையால் ஆட்டிப் பார்த்தால் அசையவே இல்லை, குழாய் ரெஞ்ச் போட்டுத் திருப்பியபோது கறகறவென்று மணல் அரைக்கிற சத்தம். நல்ல ஜாயிண்ட் என்றால் கெட்டித் தேனில் கரண்டியைத் திருப்புகிற மாதிரி, கொஞ்சம் அழுத்தமாக, ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே சீராகத் திரும்பும். பிடித்துக்கொண்டு நின்றால் துரு, தொளதொளவென்று தானாகச் சாய்ந்தால் தேய்மானம். இரண்டுமே மாற்ற வேண்டியதுதான். அந்த ஆல்டோவுக்கு லோயர் ஆர்ம் மட்டும் மாற்றினோம், பழைய ரேக்கோடுதான் இன்னும் ஓடுகிறது.

ரப்பர் எல்லாம் நன்றாக இருந்தும் கோளாறு இருந்தால், எது இறுகியிருக்கிறது என்று இப்படிப் பிரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் டை ராடு எண்டை நக்கிளிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போது சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் தொடர்பு கிடையாது. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலம் திருப்புங்கள், இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கனமாக இருந்தால் அந்தப் பக்கத்து பால் ஜாயிண்ட் அல்லது ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் பேரிங். சக்கரம் லேசாகத் திரும்பி, ஸ்டீயரிங் மட்டும் இன்னும் டைட் என்றால் ரேக் அல்லது காலம். கழற்றிய டை ராடு எண்டுகளையும் கையால் ஆட்டிப் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

டை ராடு எண்டைக் கழற்றும்போது பின்னின் தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள், மரை கெட்டுவிடும். நட்டை முழுவதும் எடுக்காமல் நாலைந்து சுற்று தளர்த்திவிட்டு, நக்கிளின் காது போன்ற பகுதியின் பக்கவாட்டில் அடித்தால் 'டப்'பென்று விடும். புல்லர் (ஜாயிண்ட்டைக் கழற்றும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. திரும்ப மாட்டும்போது ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்க ஓட்டையில் செருகும் பின்) புதிது போடுங்கள். ஓட்டை நேராக வரவில்லையென்று நட்டைத் தளர்த்தாதீர்கள், இன்னும் கொஞ்சம் முறுக்கித்தான் நேராக்க வேண்டும். புது எண்டு போடுவதாக இருந்தால் பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி அதே சுற்றில் ஏற்றுங்கள், அலைன்மென்ட் கடை வரை வண்டி நேராகப் போகும்.

இன்னொன்று. கிழிந்த ரப்பருக்குள் ஊசி வைத்து கிரீஸ் ஏற்றுகிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. இரண்டு வாரம் லேசாகும், உண்மைதான். ஆனால் உள்ளே துரு அப்படியேதான் இருக்கும், ஜாயிண்ட் தேய்ந்துகொண்டே போகும், லேசாகிவிட்டதே என்று நீங்களும் மறந்துவிடுவீர்கள். அதுதான் எனக்குப் பயம். கிழிசல் புதிது, உள்ளே கிரீஸ் இன்னும் சுத்தமாக இருக்கிறது என்றால் துடைத்துப் புது கிரீஸ் வைத்துப் புது ரப்பர் மாட்டலாம். துரு நிறம் கண்ணில் பட்டுவிட்டால் ஜாயிண்ட்டையே மாற்றுங்கள்.

ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும் பிடிக்கிறது

திருப்பும்போது லேசு, டைட், லேசு, டைட் என்று மாறி மாறி வருகிறதா? ஸ்டீயரிங் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது சரியாக இரண்டு முறை பிடித்தால், காலத்துக்கும் ரேக்குக்கும் நடுவில் உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட்தான். பெடல்களுக்குப் பக்கத்தில் ஒன்று, இன்ஜின் பக்கம் கீழே ஒன்று இருக்கும். கீழே இருப்பதுதான் சேறும் தண்ணீரும் பட்டு முதலில் இறுகும்.

டார்ச் அடித்துப் பாருங்கள், சிலுவை மாதிரி உள்ள பகுதியில் செந்துருப் பொடி தெரியும். துரு விடும் ஸ்ப்ரே அடித்து, அரை மணி விட்டு, இரண்டு பக்கமும் பல முறை திருப்பி, மறுபடி அடித்தால் லேசாகலாம். அந்த ஸ்ப்ரே எண்ணெய் நிற்காது, காய்ந்துவிடும். லேசானபின் கெட்டியான எண்ணெய் அல்லது ஸ்ப்ரே கிரீஸ் வைக்க வேண்டும். ஒரு மாதத்தில் திரும்ப வந்தால் ஜாயிண்ட்டை மாற்றுங்கள்.

ஏர்பேக் உள்ள வண்டியில் இந்த ஜாயிண்ட்டை நீங்களே கழற்ற வேண்டாம். கழற்றியபின் ஸ்டீயரிங் தன் போக்கில் சுற்றிவிட்டால் உள்ளே சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் அறுந்து, ஹாரனும் ஏர்பேக்கும் வேலை செய்யாது. தெரிந்த மெக்கானிக் ஸ்டீயரிங்கை அசையாமல் கட்டிவிட்டுத்தான் கை வைப்பார்.

திருப்பும்போது 'டங்'கென்று சத்தம், கூடவே இறுக்கம்

ஒருவரை ஸ்டீயரிங் திருப்பச் சொல்லிவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே முன் ஸ்பிரிங் மேல் மெதுவாகக் கை வையுங்கள், விரலைச் சுருள்களுக்கு நடுவே விடாமல். ஸ்பிரிங் சக்கரத்தோடு சீராகத் திரும்ப வேண்டும். முறுக்கேறி நின்று, பிறகு துள்ளிக் குதித்தால் ஸ்ட்ரட் மேல் பேரிங் இறுகிவிட்டது. பானெட்டைத் திறந்தால் தெரிகிற ஸ்ட்ரட் மவுண்ட்டிலும் அந்தத் துள்ளல் தெரியும்.

பேரிங் விலை குறைவுதான், ஆனால் ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் கையை விட்டுப் போனால் ஆளைக் கொல்லும். கயிறு, கம்பி என்று கட்டி வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். இது கட்டாயம் மெக்கானிக் வேலை.

தூக்கினாலும் எப்போதும் டைட், டை ராடைக் கழற்றியும் டைட்

இப்போதுதான் ரேக் பக்கம் போகிறோம். முதலில் ரேக் நட்டை விசாரியுங்கள். ரேக்கில் கடகட சத்தம் வந்தால் அட்ஜஸ்ட்மென்ட் நட்டை முறுக்கிச் சத்தத்தை அடக்குவது வழக்கம். அளவு மீறினால் ஸ்டீயரிங் கல்லாகும், நடுவுக்கும் திரும்பாது. தளர்த்திச் சரியான அளவில் வைத்தால் தீர்ந்துவிடும். மேனுவலில் அளவு உண்டு, அதைப் பார்த்துச் செய்கிற ஆளிடம் போங்கள்.

அடுத்து பெல்லோஸ். கிழிந்திருந்தால் கிளாம்ப்பைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு உள்ளே பாருங்கள். ரேக் கம்பி பளபளப்பாக, கிரீஸ் பூசியிருந்தால் பெல்லோஸ் மட்டும் மாற்றினால் போதும். துருப் புள்ளி இருந்தால் ரேக்தான். ஆயில் பவர் ஸ்டீயரிங்கில் பெல்லோஸை அமுக்கும்போது உள்ளே ஆயில் களக் என்றால் சீல் போய்விட்டது, அதுவும் ரேக் வேலை. ரேக் கட்டுகிறவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள், ஆனால் கம்பியில் துருக்குழி விழுந்திருந்தால் புது சீலும் சீக்கிரமே கிழியும், அப்போது முழு ரேக் மாற்றுவதே நல்லது.

ஒரே நாளில் திடீரென்று இறுகிவிட்டது

ஜாயிண்ட் துரு மாதக்கணக்கில் வரும், ஒரே நாளில் வராது. நேற்று சரி, இன்று கல் என்றால் பவர் ஸ்டீயரிங்கின் உதவி நின்றுவிட்டது. ஸ்விஃப்ட், வேகன்ஆர் மாதிரி எலக்ட்ரிக் வகையில் மீட்டரில் ஸ்டீயரிங் படம் போட்ட விளக்கு எரிகிறதா பாருங்கள். பேட்டரி டெர்மினலில் பச்சை, வெள்ளைப் பூப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள், பழைய பேட்டரி என்றால் வோல்டேஜ் பாருங்கள், ஃப்யூஸ் பாருங்கள். சந்து பொந்தில் முன்னும் பின்னும் பத்து முறை முழுசாகத் திருப்பி பார்க் செய்தபின் கனமாகி, கால் மணி நேரத்தில் சரியானால் மோட்டார் சூடாகித் தன்னைக் காத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். ஸ்டீயரிங் காலத்தை அப்படியே மாற்றச் சொன்னால் செலவு ஐந்து இலக்கத்துக்குப் போகும், அதனால் எர்ரர் கோட் (error code) என்னவென்று எழுதி வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்திலும் கேளுங்கள்.

டைட் தானாகவே போய்விட்டது, இப்போது ஆட்டம்

தானாகச் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். இறுகிய ஜாயிண்ட் தேய்ந்து தளர்ந்திருக்கலாம். சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள்: ஆடினால் டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட். 12, 6 இடத்தில் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் என்றால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள் அல்லது ஏற்றிக்கொண்டு போங்கள். கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், பிறகு ஸ்டீயரிங் உங்கள் கையில் இருந்தும் பயனில்லை.

இறுகாமல் வைத்திருக்க

பழைய மகிந்திரா ஜீப், அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு ஜாயிண்ட்டில் கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிள் இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, முழங்கால் தண்ணீரில் இறங்கினால் அந்த வாரமே, ஈபி2 லித்தியம் கிரீஸ் அடியுங்கள். அடிப்பதற்கு முன் நிப்பிள் வாயைத் துணியால் துடைக்காவிட்டால் மண்ணைத்தான் உள்ளே தள்ளுவீர்கள். டை ராடு எண்டில் ரப்பர் லேசாக உப்பினால் நிறுத்துங்கள், மேலும் அடித்தால் ரப்பர் பிய்ந்துவிடும். கிரீஸ் ஏறவில்லையென்றால் சக்கரத்தைத் தூக்கி, பாரத்தை எடுத்துவிட்டு அடித்துப் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் நிப்பிளை மாற்றுங்கள்.

இப்போதைய வண்டிகளில் நிப்பிள் கிடையாது, சீல் வைத்த ஜாயிண்ட். அங்கே நீங்கள் காப்பாற்ற வேண்டியது ரப்பரை. டயர் மாற்றும்போது, பிரேக் பார்க்கும்போது, சக்கரம் கழன்ற ஒவ்வொரு முறையும் அந்த மூன்று ரப்பரையும் அமுக்கிப் பாருங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை ரப்பருக்கு நேராகக் கிட்டத்தில் வைத்து அடிக்க விடாதீர்கள். டீசல், மண்ணெண்ணெய் தெளிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள், ரப்பர் ஊறி உப்பி வெடித்துவிடும். கடலோர ஊர் என்றால் வாரம் ஒரு முறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் சும்மா அலசிவிட்டாலே போதும். உப்பாக வரும் போர்வெல் தண்ணீரால் அலசாதீர்கள். எங்கள் முத்தையாபுரம் பக்கம் பலர் அதைத்தான் செய்கிறார்கள், அப்புறம் இரண்டு வருஷத்தில் ஜாயிண்ட் இறுகிவிட்டதே என்று வண்டியைக் கொண்டுவருகிறார்கள்.